மின்னியலும் மின்னணுவியலும்: நான்காண்டுப் படிப்பின் நிறையும் குறையும்

பிளஸ் டூ முடிவு வந்த கையோடு தமிழ்நாட்டு வீடுகளில் எழும் கேள்வி ஒன்று உண்டு. ட்ரிபிள் ஈ எடுப்பதா, ஈசிஇ எடுப்பதா, அல்லது எப்படியாவது கம்ப்யூட்டர் சயின்ஸிலேயே இடம் பிடித்துவிடுவதா? கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் தலா 50 என்று கூட்டிய 200-க்கான கட்-ஆஃப் மதிப்பெண்ணைக் கையில் வைத்துக்கொண்டு குடும்பமே விவாதிக்கும். போன ஆண்டு எந்தப் பிரிவு முதலில் நிரம்பியது, எந்தக் கல்லூரியில் பிளேஸ்மென்ட் நன்றாக இருந்தது என்ற இரண்டு தகவல்களே பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கின்றன. அந்த நான்கு ஆண்டுகளில் மாணவர் என்ன படிக்கப்போகிறார், அதில் எது கடினம், எது இன்பம், படித்ததை வைத்து எந்த வேலையைச் செய்ய முடியும் என்பதெல்லாம் பேச்சில் வருவதேயில்லை.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மின்னியல், மின்னணுப் பொறியியல் படித்தவர்களுக்கு இத்தனை பெரிய வேலைகள் காத்திருக்கும் காலம் இதற்கு முன் அரிது. ஆனால் நம் கல்லூரிகளில் கணித வகுப்பும் ஆய்வகமும் வெளியிலுள்ள மின்கம்பியும் ஒன்றையொன்று தொடாமலே கற்பிக்கப்படுகின்றன. இந்த இடைவெளியால்தான் ஆர்வத்தோடு சேரும் மாணவர்களில் பலர் மூன்றாம் செமஸ்டருக்குள் மனம் விட்டுப்போகிறார்கள்.

மின்சாரம் பல்கலைக்கழகப் பாடமாகி ஏறத்தாழ 140 ஆண்டுகளே ஆகின்றன. 1882-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் நகரத் தொழில்நுட்பக் கல்விநிலையம் மின்பொறியியலுக்கென்று உலகின் முதல் பேராசிரியர் பதவியை ஏற்படுத்தி, எராஸ்மஸ் கிட்லரை அதில் அமர்த்தியது. அதே ஆண்டில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் தன் இயற்பியல் துறைக்குள்ளேயே மின்பொறியியல் படிப்பைத் தொடங்கியது. நியூயார்க்கின் பேர்ல் தெருவில் எடிசன் மின் நிலையம் திறந்ததும் அந்த ஆண்டுதான். தொழிலும் படிப்பும் கைகோத்துப் பிறந்த துறை இது. இந்தியாவிலும் அப்படியே. சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து 1902-இல் கோலார் தங்கவயலுக்கு மின்சாரம் போனது. 1911-இல் பெங்களூரு இந்திய அறிவியல் கழகம் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கியபோது அதன் முதல் துறைகளில் மின் தொழில்நுட்பமும் இருந்தது. சென்னை மாகாணத்தில் 1932-இல் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்தது. நூற்பாலைகள் பெருகின, மோட்டார், பம்ப்செட் பட்டறைகள் முளைத்தன. அவற்றுக்குப் பொறியாளர்கள் தேவைப்பட்டார்கள்.

கிண்டி பொறியியல் கல்லூரியில் 1940-களின் தொடக்கத்தில் மின்பொறியியல் படித்தவர்களில் ஒருவர் ஏ. லலிதா. பதினெட்டு வயதில் கைம்பெண்ணாகி, கைக்குழந்தையோடு நின்றவர் அவர். அதே கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக இருந்த அவருடைய தந்தை பாப்பு சுப்பாராவ் ஊக்கம் தர, 1943-இல் படிப்பை முடித்து இந்தியாவின் முதல் பெண் பொறியாளர்களில் ஒருவரானார். பிறகு கல்கத்தாவில் ஒரு மின்சாதன நிறுவனத்தில் வடிவமைப்புப் பணியில் சேர்ந்தார். பக்ரா நங்கல் அணையின் மின்கடத்தல் தொடர்பான வேலைகளில் அவர் பங்கு உண்டு. 'கரண்ட் வேலை ஆம்பளைப் பசங்களுக்குத்தான்' என்று மகளை இந்தப் பிரிவிலிருந்து திருப்பிவிடும் பெற்றோர் இன்னமும் இருக்கிறார்கள். அவர்கள் லலிதாவின் வாழ்க்கையை ஒருமுறை படித்துப் பார்க்க வேண்டும்.

குரோம்பேட்டையில் 1949-இல் சி. ராஜம் தொடங்கிய மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, மின்னணுவியலைத் தனிப் படிப்பாகவே வைத்தது. டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள் ஆகியிருந்த நேரம் அது. எழுத்தாளர் சுஜாதா அங்கே மின்னணுவியல் படித்தவர். பின்னாளில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் மின்னணு வாக்குப்பதிவு இயந்திர உருவாக்கத்தில் முக்கியப் பங்கு வகித்தார். சிலிக்கன் சில்லைப் பற்றித் தமிழில் அவரால் அவ்வளவு தெளிவாக எழுத முடிந்ததற்கு அந்தப் படிப்பும் ஒரு காரணம்.

இப்படித்தான் துறை இரண்டு கிளைகளாகப் பிரிந்தது. மின்சாரத்தை ஆற்றலாகக் கையாள்வது ஒன்று: ஜெனரேட்டர், டிரான்ஸ்பார்மர், மோட்டார், உயர் அழுத்தக் கம்பி. மின்சாரத்தைச் செய்தியாகக் கையாள்வது மற்றொன்று: வானொலி, தொலைபேசி, கணினிச் சில்லு. நம் கல்லூரிகளின் ட்ரிபிள் ஈயும் ஈசிஇயும் இந்தப் பிரிவினையின் பிள்ளைகள். பிந்தையதில் சிக்னல், தகவல் தொடர்பு, ஆன்டெனா, சில்லு வடிவமைப்பு அதிகம். முந்தையதில் மின் இயந்திரங்கள், மின்தொகுப்பு, பாதுகாப்பு ரிலேக்கள், பவர் எலக்ட்ரானிக்ஸ் அதிகம். மின்சுற்று, டையோடு, டிஜிட்டல் லாஜிக், மின்காந்தப் புலம், கட்டுப்பாட்டு அமைப்பு ஆகிய அடிப்படைகள் இருவருக்கும் பொது. அமெரிக்காவில் இரு கிளைகளுக்கும் தனித்தனியாக இருந்த இரண்டு பொறியாளர் சங்கங்கள் 1963-லேயே இணைந்து ஐஇஇஇ ஆகிவிட்டன. நம் கவுன்சலிங் பட்டியலில் சுவர் இன்னும் நிற்கிறது.

தொழிலில் அந்தச் சுவர் இடிந்து வெகுகாலமாயிற்று. இடித்தவர்களில் முக்கியமான ஒருவர் சென்னையில் பிறந்து, ஐஐடி மெட்ராஸில் 1969-இல் மின்பொறியியல் பட்டம் பெற்ற பி. ஜெயந்த் பாலிகா. அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனத்தில் இருந்தபோது அவர் உருவாக்கிய ஐஜிபிடி என்னும் குறைக்கடத்திச் சுவிட்ச், நூற்றுக்கணக்கான ஆம்பியரை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை திறந்து மூடவல்லது. மின்சாரக் காரின் மோட்டாரை இயக்குவதும், சூரியத் தகடு தரும் நேர்மின்சாரத்தை மாறுமின்சாரமாக்கி மின்தொகுப்பில் சேர்ப்பதும், மெட்ரோ ரயிலை ஓட்டுவதும் இத்தகைய சுவிட்சுகளே. 2024-இல் பாலிகாவுக்கு ஃபின்லாந்தின் மில்லேனியம் தொழில்நுட்பப் பரிசு கிடைத்தது. அந்தச் சில்லு மின்னணுவியல். அது கட்டுப்படுத்தும் மோட்டார் மின்னியல். இரண்டில் ஒன்றை மட்டும் படித்தவரால் ஒரு மின்சார ஸ்கூட்டரின் கன்ட்ரோலரைக்கூட முழுமையாகப் புரிந்துகொள்ள முடியாது.

இனி, இந்தப் படிப்பு ஏன் கடினம் என்ற கேள்விக்கு வருவோம். கட்டடப் பொறியியலில் தூணைப் பார்க்கலாம். இயந்திரவியலில் பல்சக்கரத்தைத் தொடலாம். மின்னோட்டத்தைப் பார்க்கவும் முடியாது, தொடவும் கூடாது. அதைப் பிடிக்க நமக்குள்ள ஒரே கருவி கணிதம். அதிலும் மாறுமின்சாரத்துக்குக் கலப்பெண்கள் வேண்டும்.

1890-களுக்கு முன்பு மாறுமின்சுற்று ஒன்றைக் கணக்கிட ஒவ்வொரு முறையும் வகைக்கெழுச் சமன்பாடு போட்டுத் தீர்க்க வேண்டியிருந்தது. ஜெர்மனியிலிருந்து அமெரிக்காவுக்குக் குடியேறிய சார்லஸ் ஸ்டைன்மெட்ஸ், 1893-இல் சிகாகோவில் நடந்த சர்வதேச மின்னியல் மாநாட்டில் ஒரு குறுக்குவழியை முன்வைத்தார். ஒரே அலைவெண்ணில் ஏறி இறங்கும் ஒவ்வொரு மின்னோட்டத்தையும் ஒரு கலப்பெண்ணாக எழுதிவிட்டால், அந்தக் கணக்கெல்லாம் கூட்டல் பெருக்கலாகச் சுருங்கிவிடும். இன்று உலகெங்கும் மின்பொறியாளர்கள் இந்த முறையில்தான் கணக்கிடுகிறார்கள்.

நம் மாணவர் கலப்பெண்ணைப் பிளஸ் டூ கணிதத்தில் படித்துவிட்டே வருகிறார். மாறுமின்சாரத்தை அதே ஆண்டு இயற்பியலில் படிக்கிறார். இரண்டு பாடங்களும் இரண்டு வகுப்பறைகளில், இரண்டு ஆசிரியர்களிடம் நடந்தன. ஒன்று மற்றொன்றுக்காகவே இருக்கிறது என்று யாரும் சொல்லவில்லை. கல்லூரியிலும் அதே கதை தொடர்கிறது. அணிகள், வகைக்கெழு, லாப்லாஸ் உருமாற்றம் எல்லாம் கணிதத் துறை நடத்துகிறது. மின்சுற்றை மின்னியல் துறை நடத்துகிறது. சுவிட்சைப் போட்டதும் ஒரு கெபாசிட்டரில் மின்னழுத்தம் எப்படி ஏறுகிறது என்பதற்கான விடைதான் அந்த வகைக்கெழுச் சமன்பாடு என்று கணித வகுப்பில் ஒரே ஒரு மணி நேரம் காட்டியிருந்தால் எத்தனையோ அரியர்கள் குறைந்திருக்கும்.

கணிதம் மண்ணைத் தொடும் இடத்துக்கு நம் ஊர் எடுத்துக்காட்டு ஒன்றைப் பார்ப்போம். தமிழ்நாட்டில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட விவசாய மின் இணைப்புகள் உள்ளன. கிணற்றிலோ ஆழ்துளையிலோ ஓடும் 5 குதிரைத்திறன் மோட்டார் ஒன்று, 415 வோல்ட் மும்முனை இணைப்பில், 85 விழுக்காடு செயல்திறனோடு ஓடுவதாகக் கொள்வோம். அதன் திறன் காரணி 0.8 என்றால் கம்பியில் ஏறத்தாழ 7.6 ஆம்பியர் ஓடும். பொருத்தமான கெபாசிட்டர் ஒன்றை இணைத்துத் திறன் காரணியை 0.95 ஆக்கினால் அது 6.4 ஆம்பியராகக் குறையும். மோட்டார் இறைக்கும் தண்ணீர் மாறவில்லை. ஆனால் கம்பி சூடாகி வீணாகும் மின்சாரம் மின்னோட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், அந்த இழப்பு ஏறத்தாழ 29 விழுக்காடு குறைகிறது. பல லட்சம் மோட்டார்களுக்கு இதைப் பெருக்கிப் பார்த்தால் மின்வாரியத்தின் இழப்புக் கணக்கு வேறு விதமாகத் தெரியும்.

மோட்டார் தன் காந்தப்புலத்தை உருவாக்க மின்கம்பியிலிருந்து வாங்கி, உடனே திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும் இந்த ஆற்றலுக்கு ரியாக்டிவ் பவர் என்று பெயர். அது எந்த வேலையும் செய்வதில்லை. ஆனால் கம்பியில் இடம் பிடித்து, திறன் காரணியைக் குறைக்கிறது. மாணவர்கள் அதை முதலாண்டில் ஒரு முக்கோணமாக வரைந்து, சூத்திரமாக மனப்பாடம் செய்து கடந்துவிடுகிறார்கள். 2025 ஏப்ரல் 28 அன்று ஸ்பெயினும் போர்ச்சுகலும் ஒருசேர இருளில் மூழ்கின. மின்னழுத்தம் கட்டுக்கு அடங்காமல் உயர்ந்து, மின் நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் துண்டித்துக்கொண்டதை விசாரணைகள் சுட்டிக்காட்டின. மின்தொகுப்பில் மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைப்பதற்கான கைப்பிடியே ரியாக்டிவ் பவர்தான். பம்ப்செட்டுக்குக் கெபாசிட்டர் போடும் கணக்கும், இரண்டு நாடுகளை இருளாக்கிய கணக்கும் ஒரே முக்கோணத்திலிருந்து கிளம்புகின்றன. இதை வகுப்பில் சொல்லும் ஆசிரியர் கிடைத்த மாணவர் பாக்கியசாலி.

ஆய்வகத்தின் நிலை எனக்கு இன்னும் கவலை தருகிறது. மெஷின்ஸ் லேப் என்பது ட்ரிபிள் ஈ மாணவரின் உண்மையான வகுப்பறை. அங்கே டிரான்ஸ்பார்மரில் இரண்டு சோதனைகள் செய்வார்கள். ஒரு பக்கத்தைத் திறந்து வைத்து முழு மின்னழுத்தம் கொடுத்தால் இரும்பு உள்ளகத்தில் ஏற்படும் இழப்பு கிடைக்கும். ஒரு பக்கத்தைக் குறுக்கிணைத்து, மறுபக்கத்தில் மிகக் குறைந்த மின்னழுத்தத்திலேயே முழு மின்னோட்டத்தை ஓடவிட்டால் செம்புச் சுருளின் இழப்பு கிடைக்கும். இந்த இரண்டு எண்களையும் வைத்து, முழுச் சுமையை ஏற்றாமலே, டிரான்ஸ்பார்மர் எந்தச் சுமையில் எவ்வளவு திறமையாக இயங்கும் என்று சொல்லிவிடலாம். ஒரு பெரிய துணை மின் நிலையத்து டிரான்ஸ்பார்மருக்கு இணையான சுமையைத் தொழிற்சாலைக்குள் எங்கே போய்த் தேடுவது? அதற்காகப் பிறந்த அழகான யுக்தி இது. நம் மாணவர்கள் பலரிடம் இந்தச் சோதனை என்னவாக இருக்கிறது? சீனியரின் ரெக்கார்டு நோட்டிலிருந்து பார்த்து எழுதிய அட்டவணையாக. ஐந்தாறு பேர் கொண்ட குழுவில் ஒருவர் கம்பி இணைப்பார், ஒருவர் மீட்டர் படிப்பார், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். வைவாவில் "குறுக்கிணைப்புச் சோதனையில் ஏன் மின்னழுத்தத்தைக் குறைக்கிறோம்?" என்று கேட்டால் பதில் வராது.

இறுதியாண்டு ப்ராஜெக்ட் இதைவிட மோசம். பணம் கொடுத்தால் செய்து தரும் கடைகள் நகரத்துக்கு நகரம் இருக்கின்றன. பொறியியலில் மாணவர் தானே ஒன்றைச் செய்து, அது வேலை செய்யாமல் போய், ஏன் என்று தேடிக் கண்டுபிடிக்கும் ஒரே வாய்ப்பு அந்த ப்ராஜெக்ட். அதையும் விலைக்கு வாங்கிவிட்டால் பட்டத்தில் மிஞ்சுவது தேர்வுத்தாள் மட்டுமே. மாணவரை மட்டும் குறை சொல்வது நியாயமும் ஆகாது. ஒரே ஆசிரியரின் பெயர் ஒரே நேரத்தில் பல கல்லூரிகளின் கணக்கில் காட்டப்பட்டிருந்த முறைகேடு 2024-இல் வெளிச்சத்துக்கு வந்தது. ஆசிரியர் தாளில் மட்டும் இருக்கும் கல்லூரியில் ஆய்வகத்தில் நின்று சொல்லித்தர யார் இருப்பார்கள்?

நூல்களுக்குக் குறைவில்லை. மின் இயந்திரங்களுக்கும் மின்தொகுப்புக்கும் நாக்ரத்-கோத்தாரி, பவர் எலக்ட்ரானிக்ஸுக்கு பிம்ப்ரா, எல்லாவற்றுக்கும் தொடக்கமாகத் தெராஜா என்று இந்திய ஆசிரியர்கள் எழுதியவையே போதுமான அளவு உண்டு. ஆனால் இவை ஆங்கில நூல்கள். அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் தமிழ்வழிப் பொறியியல் தொடங்கியபோது கட்டடவியலையும் இயந்திரவியலையும் மட்டும் எடுத்துக்கொண்டது. தமிழ்வழியில் பள்ளி முடித்து 7.5 விழுக்காடு ஒதுக்கீட்டில் ட்ரிபிள் ஈ சேரும் அரசுப் பள்ளி மாணவருக்கு, முதலாண்டுக்கு மட்டுமாவது தமிழில் நல்ல மின்சுற்று நூல் ஒன்று கையில் இருந்தால் எவ்வளவோ உதவியாக இருக்கும். இதைச் செய்யத் தகுதியான பேராசிரியர்கள் நம்மிடையே இருக்கிறார்கள்.

வேலைவாய்ப்புக்கு வருவோம். தேர்வெழுதி அரசுப் பணி, மின்வாரிய உதவிப் பொறியாளர் வேலை, கேட் மதிப்பெண்ணைக் கொண்டு பொதுத்துறை நிறுவனங்கள் ஆகிய பழைய பாதைகள் எல்லோரும் அறிந்தவை, போட்டியும் கடுமை. வளாகத்துக்கு வரும் பெரிய நிறுவனங்களில் பெரும்பாலானவை மென்பொருள் நிறுவனங்கள். ட்ரிபிள் ஈ படித்துவிட்டு அங்கே போகிறவர்கள் நிறையப் பேர். அதில் தவறில்லை. மின் துறையிலேயே இயங்கும் கோர் கம்பெனிகள் தொடக்கத்தில் தரும் சம்பளம் பெரும்பாலும் குறைவு என்பதும் உண்மை. இதை மறைத்து மாணவர்களை அழைப்பது நேர்மையாகாது.

ஆனால் தமிழ்நாட்டு மின்சாரத்தில் நடந்துகொண்டிருப்பதைப் பாருங்கள். முப்பந்தல், கயத்தாறு, பல்லடம் பகுதிகளில் சுழலும் காற்றாலைகளின் நிறுவுதிறன் 10,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. கமுதியில் 2016-லேயே 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது. காற்று ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டித் தீர்க்கும்; பிறகு அடங்கும். சூரியன் மாலையில் இறங்கும் நேரத்தில்தான் வீடுகளில் விளக்கும் ஏசியும் போடுவார்கள். இந்த இடைவெளியை நிரப்பக் காடம்பாறை போன்ற நீரேற்று நிலையங்கள் வேண்டும், பேட்டரிகள் வேண்டும். சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து புகளூர் வரை 1,700 கிலோமீட்டருக்கும் மேல் ஓடும் 800 கிலோவோல்ட் நேர்மின் பாதை 6,000 மெகாவாட்டைச் சுமக்கவல்லது. அதன் இரு முனைகளிலும் இருப்பவை முழுக்க முழுக்கப் பவர் எலக்ட்ரானிக்ஸ்.

தென்னக மின்தொகுப்பு 2013 டிசம்பர் 31 அன்றுதான் நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே அலைவெண்ணில் இணைந்தது. அதனால்தான் 2012 ஜூலையில் வட இந்தியா இருண்டபோது தெற்கு தப்பியது. இன்று காஷ்மீர் முதல் கன்னியாகுமரி வரை எல்லா ஜெனரேட்டர்களும் 50 ஹெர்ட்ஸில் ஒன்றாகச் சுழல்கின்றன, 49.90-க்கும் 50.05-க்கும் இடையே அலைவெண்ணை நிறுத்துவது விதி. கனமான ஜெனரேட்டர்கள் தம் சுழற்சியின் உந்தத்தாலேயே சிறு அதிர்ச்சிகளைத் தாங்கிக்கொள்ளும். இன்வெர்ட்டர் வழியாக வரும் சூரிய மின்சாரத்துக்கு அந்தக் கனம் இல்லை; அதை மென்பொருளும் கட்டுப்பாட்டுக் கோட்பாடும் சேர்ந்து ஈடுசெய்ய வேண்டும். உலகம் முழுக்க இன்னும் விடை தேடிக்கொண்டிருக்கும் கேள்வி இது. இதற்கான அடிப்படைப் பாடங்கள் ட்ரிபிள் ஈயின் ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் இருக்கின்றன.

மின்னணுப் பக்கமும் சும்மா இல்லை. ஸ்ரீபெரும்புதூரிலும் ஓசூரிலும் கைபேசியும் அதன் பாகங்களும் தயாராகின்றன. ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி மின்சார ஸ்கூட்டர்களின் ஊராகிவிட்டது. 2021-இல் ஒன்றிய அரசு குறைக்கடத்தித் தொழிலுக்கு 76,000 கோடி ரூபாய்த் திட்டம் அறிவித்தது. ஐஐடி மெட்ராஸில் 'சக்தி' என்ற பிராசஸர் வடிவமைக்கப்பட்டது. அதே நிறுவனம் இணையவழியில் மின்னணு அமைப்புகளுக்கான பி.எஸ். பட்டப்படிப்பையும் நடத்துகிறது. ஆனால் பாகங்களைப் பொருத்துவது வேறு, வடிவமைப்பது வேறு. பொருத்தும் வேலைக்குப் பட்டம் தேவையில்லை. வடிவமைக்க, மேலே சொன்ன கணிதமும் ஆய்வகமும் இல்லாமல் முடியாது.

பாலிடெக்னிக் முடித்து நேரடி இரண்டாமாண்டில் சேரும் மாணவர்களைப் பற்றியும் ஒரு சொல். கம்பி இணைப்பதிலும் மீட்டர் படிப்பதிலும் அவர்கள் கை பழகியது, கணிதத்தில்தான் தடுமாறுவார்கள். பிளஸ் டூவிலிருந்து வருபவர்களோ இதற்கு நேர்மாறு. இரு சாராரையும் ஒரே ஆய்வகக் குழுவில் கலந்து விட்டாலே பாதிப் பிரச்சினை தீரும். இதற்கு ஒரு ரூபாய்கூடச் செலவில்லை.

கல்லூரிகள் செய்யக்கூடியவை இவைதாம்: இரண்டாம் செமஸ்டர் மின்சுற்றைக் கணித ஆசிரியரும் மின்னியல் ஆசிரியரும் சேர்ந்து நடத்துவது, ஆய்வகத்தில் இருவருக்கு ஒரு மேசை தருவது, மெஷின்ஸ் லேபுக்குப் பக்கத்திலேயே இன்வெர்ட்டர், பேட்டரி, மோட்டார் டிரைவ் ஆகியவற்றுக்கும் இடம் ஒதுக்குவது. மின்வாரியம் தன் துணை மின் நிலையங்களில் ஆண்டுதோறும் மாணவர்களைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ள வேண்டும். ஐவி என்ற பெயரில் ஒரு நாள் சுற்றிப் பார்த்துவிட்டு வருவது போதாது. பாடத்திட்டம் கெட்டுப்போகவில்லை. அதை நடத்தும் முறைதான் கெட்டிருக்கிறது.

கணிதத்தில் பிடிப்பும், ஒரு பொருளைப் பிரித்துப் பார்க்கும் ஆசையும் உள்ள பிள்ளை வீட்டில் இருந்தால் தயங்காமல் ட்ரிபிள் ஈயோ ஈசிஇயோ சேர்த்துவிடுங்கள். இரண்டில் எது என்பதைவிட எந்தக் கல்லூரி என்பதே பெரிய கேள்வி. விருப்பப் பட்டியலைப் பூட்டும் முன் அந்தக் கல்லூரிக்கு ஒருமுறை நேரில் போங்கள். பிளேஸ்மென்ட் விளம்பரத் தட்டியைக் கடந்து, ஆய்வகத்தைக் காட்டச் சொல்லுங்கள். எத்தனை மாணவருக்கு ஒரு மேசை, எந்த மோட்டார் ஓடுகிறது, எது தூசு படிந்து நிற்கிறது, அங்கே நிற்கும் இரண்டாமாண்டு மாணவர் தான் செய்யும் சோதனையை உங்களுக்கு விளக்குகிறாரா என்று பாருங்கள். விளக்கினால் அங்கே சேருங்கள்.